சரிவில் பதினொரு செடிகள்

சரிவில் செடி நடுவதென்றால் மேலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கி வரவேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. அப்போதுதான் நட்டதை நாமே மிதிக்க மாட்டோம். சின்ன விஷயம்தான். ஆனால் என் சகலை கீழிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

சகலை, அதாவது என் மனைவியின் அக்கா புருஷன், அச்சகத்தில் பிழை திருத்துபவர். தங்கமான மனிதர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்லும் இலாகா முழுவதும் அவரிடமே இருந்தது. என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரையே திருத்தியவர். பிறந்ததிலிருந்து தப்பாக எழுதிக்கொண்டிருந்தேனாம்.

ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. கொல்லைப்புறத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது அந்தப் புல்மேடு. ஆடுகூட யோசித்துத்தான் ஏறும். மழை வந்தால் மண் வழிந்து எங்கள் சமையலறைக்கு விருந்தாளியாக வந்துவிடும். புல் மட்டும் பிடித்து நிறுத்தாது, வேர் ஆழமாக ஓடும் குத்துச்செடி வேண்டும் என்று நான்தான் சொன்னேன். முப்பது செடி வாங்கி வந்தவனும் நான்தான்.

அன்று காலையில் ஆரம்பித்தோம், கீழிருந்து. நான் குழி வெட்டி, செடியை வைத்து, பள்ளத்துப் பக்கம் மண்ணைக் கரைபோல அணைத்துவிட்டு நகர்வேன். அவர் பின்னாலேயே வந்து அதைப் பிடுங்கி, நாலு விரல்கடை தள்ளி நடுவார். சிரித்த முகமாகத்தான். பதினெட்டு செடிக்கும் இதே கதை.

பத்து மணிக்கு டீ கொண்டுவந்த என் மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தான், நீங்க மட்டும் இல்லேன்னா இவர் செடிய தலைகீழா நட்டிருப்பார்."

"வேர் எதுன்னு அவருக்குத் தெரியும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. பிறகு அக்காவும் தங்கையுமாகக் கடைக்குக் கிளம்பிப் போனார்கள்.

மேல்பாதி இன்னும் செங்குத்து. இடுப்பில் கயிறில்லாமல் நிற்க முடியாது. உச்சியிலிருந்த வேலிக் கம்பத்தில் ஆளுக்கொரு கயிறு கட்டினேன். அவர் தன்னுடையதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"முடிச்சுன்னா இப்படி இருக்கணும் சகலை. யானைய கட்டினாலும் நிக்கும்."

நான் நட்ட பத்தொன்பதாவது செடியைத் திருத்தக் கீழே இறங்கிக் குந்தினார். கயிறு தொய்ந்தது. நான் உச்சிக் கம்பத்துக்கு ஏறினேன். அந்த யானை முடிச்சை அவிழ்க்க எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது. ஒரு நகம் பெயர்ந்தது. ஆகவே 'ஆத்திரத்தில்' என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். ஆத்திரக்காரனால் அந்த முடிச்சை அவிழ்த்திருக்க முடியாது.

அவர் எழுந்து, கயிற்றை நம்பிப் பின்னால் சாய்ந்து, தான் நட்டதை அழகு பார்த்தார். கயிறு அவரோடு போயிற்று. அடியில் இருப்பது சிமெண்டு வாய்க்கால். பெரிய சத்தமெல்லாம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது. "சகலை, முடிச்சுல ஏதோ பிழை. கொஞ்சம் வாங்க."

அவர் தன் பிழையை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இத முடிச்சிட்டு வர்றேன் சகலை" என்றேன்.

என் கயிற்றில் தொங்கிக்கொண்டு, மீதிச் செடிகளை உச்சியிலிருந்து வரிசையாக நட்டுக்கொண்டே இறங்கினேன். என் முடிச்சும் நன்றாகவே நின்றது. நாலாவது செடிவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவசரப்படுத்தவில்லை. எல்லாவற்றையும் நட்டு, கை கழுவிவிட்டுத்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். சரியாகத்தான் இருக்கும். அடுத்தவரைத் திருத்துகிற குணம் எனக்குக் கிடையாது. ஆனால் இரண்டாம் பக்கத்தில், அவர் விழுந்த பிறகு நான் நட்டது பத்து செடி என்று போட்டிருக்கிறீர்கள். பதினொன்று ஐயா. அதை மாற்றிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.