பத்தாவது பிள்ளை

—ஒரு மணித்தியாலம், ஜசிந்தா. ஒரே ஒரு மணித்தியாலம். தலையை எண்ணிப்போட்டுப் போயிடுவினம்.

—மெதுவாக் கதையுங்கோ, ரீச்சர். பிள்ளை இப்பதான் கண்ணயர்ந்தவள். ராமுழுக்க இருமல்.

—காய்ச்சல் விட்டிட்டுதோ?

—எங்க விட்டது? அடுப்புக் கல்லு மாதிரிக் கொதிக்கிறாள். உள்ளுக்குப் போகாதையுங்கோ. அவளைத் தொட்டிட்டுப் போய் உங்கட மகன் நிரோஜனைத் தொடுவியள்.

—நான் உள்ளுக்கு வரேல்லை. வாசலிலதானே நிக்கிறன்.

—வாசலில நிண்டு நனைய வேண்டாம். குசினிப் பக்கம் வாங்கோ. அடுப்பு எரியுது. குடை எங்க?

—காற்று மடக்கிப்போட்டுது. வேலிக்குள்ள போட்டிட்டு ஓடி வாறன். கேளும், ஜசிந்தா. கல்விக் கந்தோர்காரர் வந்திட்டினம். ரெண்டு பேர். இப்ப புதுசா வந்த நடராசா சேர் அவைக்குத் தேத்தண்ணி குடுத்துக்கொண்டு இருக்கிறார். நான் பின்வாசலால வந்தனான்.

—அதிபர் நீங்கள் பின்வாசலால ஓடி வாறதோ? அந்தோனியாரே! அவையள் தேடமாட்டினமே?

—தேடட்டும். ஒன்பது பிள்ளையள்தான் வாங்கில இருக்கினம். பத்துக்குக் குறைஞ்சால் பள்ளிக்கூடத்தை மூடிப்போட்டு மேற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேர்க்கிறது எண்டு போன தவணையே சொல்லிப்போட்டினம். இண்டைக்கு எண்ணினால் எண்ணினதுதான்.

—பதினொண்டு எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்?

—பத்மாசனியின்ர பெடியன் போயிட்டான். தேப்பன் சரவணைப் பக்கம் ஒரு கோயிலுக்குப் பூசைக்குப் போக, குடும்பமே போயிட்டுது. இப்ப உம்மட மகள் அன்ரனிட்டாவோட சேர்த்துப் பத்து. அவள் இல்லாட்டி ஒண்டுமில்லை.

—ரீச்சர், நான் ஒண்டு கேட்கட்டே?

—கேளும்.

—போன மாரிகாலம் ஞாபகம் இருக்கோ?

—ஜசிந்தா, அதை இப்ப எடுக்காதையும்.

—எடுக்கிறன். எடுக்காமல் எப்பிடி இருக்கிறது? அண்டைக்கும் இவளுக்கு இதே தடிமன், இதே இருமல். எனக்கு விடியப் போய் வலையில நண்டு கழட்டோணும். அவரும் கடலில. பிள்ளையை ஆரோட விடுறது? காய்ச்சலுக்குப் பனடோல் ஒண்டைக் குடுத்தன், மேல் குளிர்ந்தது, அனுப்பிப்போட்டன். பிழைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை.

—எனக்குத் தெரியும்.

—மூண்டாம் நாள் உங்கட நிரோஜனுக்கு மூச்சுமுட்டு வந்திட்டுது.

—தெரியும் எண்டு சொல்லுறனெல்லே. அவனை மடியில வைச்சுக்கொண்டு இருந்தது நான்தானே. இங்கத்தைய மருந்து காணாது, யாழ்ப்பாணம் கொண்டு போங்கோ எண்டு டொக்டர் சொல்லுறார். கடலில வள்ளம் விட ஏலாதெண்டு இறங்குதுறையில சொல்லுறாங்கள். நேவிக்காரன் போட் எடுத்து வரும்வரைக்கும் அவன்ர நகம் நீலமாக் கிடந்தது, ஜசிந்தா. வாயைப் பிளந்து பிளந்து காத்தைத் தேடுறான். பிள்ளைக்குக் காத்தை வாங்கிக் குடுக்க ஏலாதே.

—அது எனக்கும் நெஞ்சில கிடக்குது. ஆனா திரும்பி வந்து நீங்கள் என்ன செய்தனீங்கள்? பள்ளிக்கூடப் படலையில, தாய்மார் எல்லாரும் நிக்க, "பனடோலைத் தீத்திப்போட்டு என்ர பிள்ளைக்கு நஞ்சு அனுப்பினனீர்" எண்டு கேட்டனீங்கள். நான் வாய் திறந்தனானே?

—இல்லை.

—பேசாமல் கூட்டிக்கொண்டு வந்தனான். அண்டையில இருந்து இவளுக்கு மூக்கு வடிஞ்சாலே வீட்டில மறிச்சு வைக்கிறன். நண்டு கழட்டப் போறதை விட்டிட்டன். நிரோஜனோட ஒட்டாதை, தள்ளி நில் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகுது. அவள் கேட்கிறாளே? அவளுக்கு அவன்தான் உலகம். இப்ப நீங்களே வந்து கூப்பிடுறியள்.

—நீர் செய்தது சரி. நான்தானே அந்தச் சட்டம் போட்டது. தடிமன் எண்டால் வரக்கூடாது, இருமினால் வரக்கூடாது. மாரி முழுக்க ஒவ்வொரு வீடாப் போய்ச் சொன்னது நான்தான். நல்லாத் தெரிஞ்சு கொண்டுதான் வந்து நிக்கிறன்.

—பிறகென்ன? பள்ளிக்கூடம் மூடினால் உங்களுக்கு ரவுணுக்கு மாற்றம் கிடைக்கும். பக்கத்தில பெரியாஸ்பத்திரி. நிரோஜனுக்கும் அதுதானே நல்லம்.

—நல்லம்தான். அவன்ர அப்பாவும் பிரான்சில இருந்து போன் எடுக்கிற நேரமெல்லாம் அதைத்தான் சொல்லுறார். "மேரிசுகந்தி, உனக்கென்ன விசரே, அந்தத் தீவில என்னத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய்" எண்டு.

—அவர் கேட்கிறதிலயும் ஞாயம் இருக்கு.

—இருக்கு. ஆனா மற்றப் பிள்ளையளை நினைச்சுப் பாரும். இஞ்சையிருந்து மேற்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? நடுவில ஒரு மரமில்லை, ஒரு வீடில்லை. வெளியில முழங்காலளவு வெள்ளம் நிக்குது. பஸ் ஒரு நாளைக்கு வரும், ஒரு நாளைக்கு வராது. இந்த வாடைக்காற்றுக்குள்ள முதலாம் வகுப்புப் பிள்ளையள் நடந்து போவினமே? ஈர உடுப்போட பின்னேரம் மட்டும் இருப்பினமே? இண்டைக்கு அன்ரனிட்டாவுக்கு ஒரு காய்ச்சல். பள்ளிக்கூடம் மூடினால் அவளுக்கு ஒவ்வொரு மாரியும் காய்ச்சல்தான்.

—அது எனக்குத் தெரியாதே?

—இல்லாட்டி அனுப்பமாட்டீர். வீட்டில நிப்பாட்டிப்போடுவீர். எத்தினை பேர் அப்பிடி நிப்பாட்டிப்போட்டினம்?

—என்னையே அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டினது. சண்டை நேரம், அம்மா அனுப்பேல்லை. இவளாவது படிக்கோணும் எண்டு மாதாவுக்கு எத்தினை மெழுகுதிரி கொளுத்தினனான். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேணும், ரீச்சர். ஆர் சொன்னது வேண்டாமெண்டு?

—அப்ப ஒரு மணித்தியாலம் தாரும். நான் கைகூப்பிக் கேட்கிறன்.

—ஐயோ, கையை எடுங்கோ. ரீச்சர் எண்டவ என்னைக் கும்பிடுறதே? வடிவில்லை.

—எனக்கு இப்ப வடிவு பார்க்க நேரமில்லை.

—எழுப்பினால் எழும்புவாளோ தெரியேல்லை. இரவு என்னோட சண்டை. "நாளைக்கு எண்ண வருகினம், நான் போகோணும்" எண்டு. நீங்கள் வகுப்பில சொன்னனீங்களாம், ஒருத்தரும் வீட்டில நிக்கக்கூடாதெண்டு. பேசிப் படுக்க வைச்சனான்.

—அவளுக்கு இருக்கிற அக்கறை.

—கந்தோர்காரர் கனநேரம் நிப்பினமே?

—நிக்கமாட்டினம். மத்தியானத்துக்குப் பிறகு கடல் கொந்தளிக்கும் எண்டு அவைக்கே பயம். எண்ணிப்போட்டு ஓடிடுவினம்.

—அவளைத் தனியா இருத்துவியளோ?

—கதவடியில தனி வாங்கு போடுறன். நிரோஜன் அங்கால சுவரோரம். நடுவில நான் நிப்பன். எண்ணி முடிஞ்ச கையோட நானே தூக்கிக்கொண்டு வந்து விடுறன்.

—யூனிபோம் முன் அறைக் கொடியில கிடக்கு. நல்லாக் காயேல்லை. உள்ளுக்கு ஒரு சட்டையைப் போட்டுத்தான் விடோணும்.

—அதுக்கு மேல சுவெற்றர் போடும். தலைக்குத் துணி கட்டும். மாஸ்க் நான் கொண்டு வந்தனான். இருமல் வந்தால் கையை வாயில வைக்கச் சொல்லும். பனடோல் ஒண்டைக் குடும், பத்து நிமிசத்தில மேல் குளிர்ந்திடும்.

—பனடோலோ?

—ஓம், ஒண்டைக் குடுத்தால்...

—சொல்லுங்கோ, ரீச்சர். ஏன் நிப்பாட்டிப்போட்டியள்?

—அந்தப் பனடோல்... ஐயோ, ஜசிந்தா.

—ரீச்சர், அழாதையுங்கோ. நான் குத்திக் காட்டச் சொல்லேல்லை. சத்தியமா.

—நான் என்ன சொல்லிப்போட்டன், ஜசிந்தா? உம்மைப் படலையில வைச்சுக் கேட்ட வாயால இப்ப என்ன சொல்லிப்போட்டன்?

—விடுங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ.

—உம்மட பிள்ளை கொதிச்சுக்கொண்டு கிடக்குது. நான் அதை எழுப்பி, ஈர உடுப்பைப் போட்டு, மழைக்குள்ள இழுத்துக்கொண்டு போக நிக்கிறன். என்ர பிள்ளை இருக்கிற அறைக்குள்ளயே கொண்டு போக நிக்கிறன். நானெல்லாம் ஒரு தாயே? எனக்கு வெட்கமாக்கிடக்கு.

—தாய் எண்டபடியால்தான் நிப்பாட்டினியள்.

—வேண்டாம். அவள் படுக்கட்டும். ஒன்பது எண்டு நானே போய்ச் சொல்லுறன். மூடினால் மூடட்டும். உயிரோட இருந்தால் எங்கயாவது படிக்கலாம்.

—சொல்லுங்கோ. ஆனா அதோட விடக்கூடாது. மழை விட நாங்கள் எல்லாத் தாய்மாரும் யாழ்ப்பாணம் போவம். கந்தோர் வாசலில பிள்ளையளோட இருப்பம். காய்ச்சலில கிடந்த பிள்ளையையும் எண்ணோணும் எண்டு கேட்பம். அது பிள்ளையில்லையே?

—நீர் வருவீரே?

—நான் முன்னுக்கு வருவன். படலையில வாய் திறக்காதவள் எண்டு நினைக்காதையுங்கோ. அண்டைக்குப் பிழை என்னில இருந்தது, அதால பேசேல்லை.

—அண்டைக்கு நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது.

—பிள்ளையைச் சாவில இருந்து பிடுங்கிக்கொண்டு வந்தனீங்கள். நானாயிருந்தால் அடிச்சிருப்பன். இந்தாங்கோ, மல்லித்தண்ணி. இஞ்சி வேர்க்கொம்பு போட்டிருக்கு. ஊதிக் குடியுங்கோ.

—அவளுக்கு வைச்சதெல்லோ?

—அவளுக்கு இன்னும் கிடக்கு. கஞ்சியும் ஆறட்டும், பிறகு எழுப்பித் தீத்துவம். பின்னேரமும் காய்ச்சல் விடாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன்.

—நான் ஓட்டோ பிடிச்சு அனுப்பிவிடுறன். பொறும், போன் அடிக்குது. நடராசா சேர். அவையள் என்னைத் தேடுகினம் போல.

—எடுங்கோ.

—ஓட்டில மழை அடிக்கிற சத்தத்தில ஒண்டும் கேட்காது, ஸ்பீக்கரில போடுறன். ஓம் சேர், சொல்லுங்கோ.

—ரீச்சர்! எங்க போயிட்டியள்? இஞ்ச எல்லாம் முடிஞ்சுது. எண்ணியாச்சு. பத்தும் சரி!

—என்ன சேர், பத்தோ? ஒன்பதெல்லோ?

—அதுதானே பாருங்கோ! நானும் ஒன்பது எண்டு நெஞ்சு இடிச்சுக்கொண்டு நிக்கிறன். அவையள் எண்ணத் தொடங்க, அந்தப் பிள்ளை அன்ரனிட்டா ஓடி வந்து சேர்ந்தாள். நனைஞ்சு தெப்பமா வந்தாள். சுகமோ பிள்ளை எண்டு கேட்டன். "சுகம் சேர், நான் வராட்டிப் பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவினம்" எண்டாள். கந்தோர்ப் பெரியவர் சிரிச்சுப்போட்டார். இந்தப் பள்ளிக்கூடத்தை மூட மனம் வராது எண்டு எழுதிக்கொண்டு போறார், ரீச்சர்!

—என்ர பிள்ளையோ? சேர் ஆரைச் சொல்லுறார்? அவள் அறைக்குள்ள படுத்துக் கிடக்கிறாள்!

—ஜசிந்தா, போய்ப் பாரும். ஓடிப் பாரும்.

—அன்ரனிட்டா! பிள்ளை! ரீச்சர், பாயில போர்வைதான் கிடக்குது! கொடியில யூனிபோமும் இல்லை!

—சேர், நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. நீங்கள் இந்தத் தவணைதான் வந்தனீங்கள், போன மாரி நடந்தது உங்களுக்குத் தெரியாது. நிரோஜன் எங்க? அவன் இப்ப எங்க இருக்கிறான்?

—நிரோஜனோ? பயப்பிடாதையுங்கோ ரீச்சர், நல்ல பிள்ளை வளர்த்திருக்கிறியள். அவளுக்குக் குளிருதெண்டு தன்ர சுவெற்றரைக் கழட்டிப் போட்டுவிட்டு, பக்கத்தில ஒட்டிக்கொண்டு இருக்கிறான். ரெண்டு பேரும் ஒரு கோப்பையில மாறிமாறித் தேத்தண்ணி குடிக்குதுகள், பார்க்க நல்ல வடிவாக்கிடக்கு.