பேழைத் திரை

— அந்தத் திரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைக்கப் போறியாமே, பெர்ரின்?

— ஆமா லூனாம்மா. மராமத்து முடிஞ்சு ஞாயித்துக்கிழமை உங்க யூத ஜெப ஆலயத்தை மறுபடி திறக்கறோம். தோரா வேதச் சுருள் இருக்கற பேழைக்குப் பக்கத்துலயே வைக்கலாம்னு இருக்கோம்.

— இந்த இஸ்மிர் ஊர்ல உனக்கு வேற துணியே கிடைக்கலையா?

— கடைத்துணியா இது? கல்யாண உடுப்பு. ஊதா வெல்வெட், தங்கச் சரிகை. கல்யாண உடுப்பை ஆலயத்துக்குக் கொடுக்கறது உங்க வழக்கம்தானே?

— யாரோட கல்யாண உடுப்பு? அதையும் சொல்லு.

— எஸ்த்ரேயாவோடது. பேரு தைச்சிருக்கே.

— என் வீட்டுக்காரரோட முதல் பொண்டாட்டி. அவ செத்தப்புறம் என் வீட்டுக்காரர் மொயிஸ்தான் கொடுத்தது. நான் அவரைக் கட்டிக்கிட்டு வந்த முதல் சனிக்கிழமை, பொம்பளைங்க மாடத்துல உக்காந்து கீழ பார்க்கறேன், நேர் எதிர்ல அவ பேரு. ஒரு முழ நீளத்துக்கு. அப்புறம் நாப்பது வருஷம், கண்ணு. ஒரு சனிக்கிழமை தப்பல.

— செத்தவங்க மேல என்னம்மா கோவம்?

— உசுரோட இருந்தா சண்டை போட்டிருப்பேன். அவ கத்திரிக்காயில உப்பு இல்லன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். செத்தவளை என்ன பண்றது? அவளுக்கு வயசும் ஏறல, இடுப்பும் பெருக்கல.

— லூனாம்மா!

— சிரிக்காத. எல்லாரும் திரையைத் தொட்டு விரலுக்கு முத்தம் கொடுப்பாங்க. என் வீட்டுக்காரர் மட்டும் ஓரத்தை மடிச்சுப் பிடிச்சு, உதட்டாலயே முத்தம் கொடுப்பாரு. நான் மேலேர்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன்.

— நீங்க உங்க உடுப்பைக் கொடுக்கலையா?

— கொடுத்தேனே! வெள்ளைப் பட்டு. எங்கம்மா ராப்பகலா தைச்சது. தோரா சுருளுக்கு உறையாவது தைப்பாங்கன்னு இருந்தேன். கண்ணுலயே காணோம். கேட்டா, 'நல்ல இடத்துல இருக்கு'ம்பாரு. மேசை துடைச்சிருப்பாங்க.

— ஒரு நிமிஷம். இப்படி வாங்க. திரையோட பின்பக்கத்தை நீங்க பார்த்ததே இல்லையா?

— அவ உடுப்பை நான் தொடுவேனா?

— இப்பத் தொடுங்க. மெதுவா. சுருளைப் பார்த்து இருக்கற பக்கம் இது.

— வெள்ளையா இருக்கே.

— பட்டு. உள்துணியா வச்சுத் தைச்சிருக்காங்க. இங்க ஒரு பேரு இருக்கு. படிங்க.

— ...லூ.

— மிச்ச எழுத்து போயிடுச்சு. பாருங்க, ஓரத்துல இந்த ஒரு இடம் மட்டும் தேஞ்சிருக்கு. வெல்வெட் பக்கம் அப்படித் தேய்வே இல்ல. மடிச்சுப் பிடிப்பாருன்னு இப்பதானே சொன்னீங்க.

— வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, மனுஷன்.

— எனக்கு இந்தப் பக்கத்தைத்தான் வெளிய காட்டணும்னு ஆசை. முடியாதும்மா. சரிகை மழைத்தண்ணிக்குத் தாங்கிடுச்சு, எஸ்த்ரேயா பேரு அப்படியே இருக்கு. பட்டு தாங்கல. தொட்டா நூல் நூலா வருது.

— ஒண்ணும் செய்ய முடியாதா?

— ஆறு வருஷம் நனைஞ்சிருக்கே. பேழைக்கு நேர் மேல ஒரே ஒரு ஓடு விலகியிருக்கு, அவ்வளவுதான். அப்பவே யாராவது பார்த்துச் சொல்லியிருந்தா அரை நாள் வேலை. ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆம்பளை சேராம ஆலயத்தை மூடினப்புறம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?

— என்கிட்டதான்.

— அப்ப நீங்க பார்க்கலையா?

— முதல் மழையிலயே பார்த்தேன். சரியா அவ பேரு மேல சொட்டிச்சு. கதவைப் பூட்டிட்டு வந்துட்டேன்.