அஞ்சு துடுப்பு

டிகிரியாம் டிகிரி! ஏழா ஒம்போதான்னு உங்க சினேகிதரு, அந்தக் கண்ணாடி போட்ட தம்பி, ரெண்டு நாளா என் உயிர வாங்கிட்டாரு. இதோ, நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலியில உக்காந்துகிட்டு, போன்ல படத்தக் காட்டிக் காட்டி, 'அக்கா, கோணம் கொஞ்சம் மாறினாலும் காத்து பிச்சுக்கிட்டுப் போயிடும்'ங்கறாரு. எங்க போயிடும்? காத்து என்ன வீட்ட விட்டு ஓடிப்போற புள்ளையா? இருபத்திரெண்டு வருஷமா ஃபைபர்ல கைய விட்டுக்கிட்டு இருக்கறவகிட்ட, ஒரு நாள்கூட விரல்ல பிசுக்கு ஒட்டாத ஆளு வந்து பாடம் எடுக்கறாரு. எல்லாம் என் நேரம்!

உக்காருங்க தம்பி, ஏன் எந்திரிக்கறீங்க? காரா? காரு எங்க போயிடப் போவுது, பின்னாடி ஷெட்டுலதான் நிக்குது. இப்பப் போகாதீங்க. ரெசின் பச வாட கண்ணக் கரிக்கும், பழக்கமில்லாதவங்களுக்குத் தல சுத்தும். ஃபேன வேணா உங்க பக்கம் திருப்பிக்குங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், டிகிரி. அப்படி என்னய்யா பெரிய ராக்கெட்டு? டிஃப்யூசராம், பேரு மட்டும் வாய்க்குள்ள நுழையாது. காருக்கு அடியில ஓடி வர்ற காத்து பின்னாடி சிக்காம வெளிய போகணும். அதுக்குப் பின் பம்பருக்குக் கீழ சரிவா ஒரு பலக, பலகைக்குக் கீழ நெட்டுக்க அஞ்சு துடுப்பு. அவ்வளவுதானே? இதுக்கு அந்தத் தம்பி ஏழு பக்கத்துக்கு எழுதிக் கொண்டாந்து குடுக்கறாரு, கலர் கலரா அம்புக்குறி போட்டு! நான் பத்திரமா வெச்சிருக்கேன். டீ கிளாஸுக்கு அடியில வெக்க ரொம்ப வசதியா இருக்கு.

சிரிக்கறீங்க. சிரிங்க சிரிங்க.

இந்தத் தெருவுல எனக்கு என்ன பேருன்னு தெரியுமா? தொட்டிக்கார அக்கா! வழி கேட்டுப் பாருங்க, பச்சப்புள்ளகூட அப்படித்தான் சொல்லும். குளிக்கற தொட்டி, தண்ணித் தொட்டி, பார்க்குல வெக்கற சறுக்குமரம்... அதோ நிக்குதே பென்குயினு, அது குப்பத்தொட்டி. வருஷத்துக்கு நூறு பென்குயின் செய்யறேன். அது வாய்க்குள்ள கைய விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும் பாருங்க, முழங்கையெல்லாம் அரிப்பு, ராத்திரி தூக்கம் வராது. தொட்டி வாங்க வர்றதுங்க அதுக்கு மேல. போன மாசம் ஒரு பெரிய மனுஷன், அளவு பாக்கறேன்னு தொட்டிக்குள்ள படுத்தாரு. படுத்தவரு படுத்தவர்தான், கொறட்ட! அவரு சம்சாரம் வந்து எழுப்பிட்டு, 'இது வேணாங்க, வாங்கினா இவரு வேலைக்கே போகமாட்டாரு'ன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. இதுதான் என் பொழப்பு. சொல்லிக்கறாப்புல இருக்கா?

அப்படி இருக்கறப்ப உங்க காரு வந்து வாசல்ல நின்னுச்சு. சும்மா சொல்லக்கூடாது தம்பி, எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தரையோட தரையா, அவ்ளோ அழகு. நீங்க வேற, 'ஞாயித்துக்கெழம எங்க ஆளுங்க எல்லாரும் கார எடுத்துட்டு ஒண்ணு கூடறோம்க்கா, இது நல்லா உக்காந்துச்சுன்னா இன்னும் ஆறு பேரு உங்ககிட்டதான் வருவாங்க'ன்னீங்க. ஆறு காரு! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே பென்குயினும் வேணாம், பேரிக்காயும் வேணாம், கார்தான்னு. எங்க வீட்டுக்காரரு இருக்காரே, 'நமக்கு எதுக்கும்மா இந்த ஆச'ன்னாரு. அவருக்கு எதுக்குத்தான் ஆச? சாப்பாடு சூடா இருந்தா போதும், உலகம் எப்படிப் போனா என்ன!

ஆனா அவர்கூடப் பரவால்ல. அவரு தம்பி இருக்கான் பாருங்க, என் கொழுந்தன்... அடடடடா! மூணு தெரு தள்ளி, பெரிய கண்ணாடிக் கதவு, உள்ள ஏசி, பாத்திருப்பீங்க. காருக்கு வெளிப்பக்கத்து வேல, பம்பரு பெயிண்டுன்னு, எல்லாம் செய்யறவன். என்கிட்டதான் இருந்தான், இதே ஷெட்டுல. பிரஷ் பிடிக்கக் கத்துக் குடுத்ததே நானு. தனியாப் போறப்ப என்ன சொல்லிட்டுப் போனான் தெரியுமா? நாலு பேரு நிக்கறாங்க, எல்லார் முன்னாடியும், 'தொட்டிக்கு அண்ணி, காருக்கு நான். அண்ணிக்குக் காரெல்லாம் ஆகாது, பொறும பத்தாது'ன்னான். எனக்கா? எனக்காய்யா பொறும இல்ல? நூறு பென்குயினுக்குப் பல்லு விளக்கி விடறவளுக்கா பொறும இல்ல? அன்னிக்குப் பேச்ச நிறுத்தினதுதான். ஆறு வருஷம் ஆச்சு. கல்யாணம் காட்சின்னா அவன் வலது பக்கம் உக்காந்தா நான் எடது பக்கம்.

இருங்க தம்பி, சொல்லி முடிச்சுடறேன். வேல எப்படி நடந்துச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்க வேணாமா? மொதல்ல அட்டைய வெட்டி, டேப் போட்டு அடியில ஒட்டிப் பாத்தேன். நாலு தடவ மாத்தி மாத்தி வெட்டினேன். அப்பறம் துடுப்பு அஞ்சையும் தனியா வாத்து எடுத்து, விரலால தடவித் தடவி விளிம்பு பாத்தேன். அந்தக் கண்ணாடிக்காரரு கோணமானிய வெச்சு ரெண்டு தடவ அளந்து பாத்தாரே! ஒம்போது டிகிரி, ஒரு நூலு பிசகல. அப்பறம் பலக. பலக பம்பரோட அச்சு அசலாப் பொருந்தணும்னா, பம்பர் மேலயே ஃபைபர் மேட்ட, பாய் மாதிரி, விரிச்சுப் போட்டு, ரெசின் பூசி, காஞ்சதும் ஓடு கழட்டறாப்புல கழட்டி எடுக்கணும். நீங்க பம்பரக் கழட்டித் தனியா வெச்சு செய்யுங்கன்னீங்க. ஆமா சொன்னீங்க, நான் எப்ப இல்லைன்னேன்? நான்தான் வேணாம்னேன். கார்லயே இருந்தாத்தான் உசரம் சரியா வரும், எனக்குத் தெரியாதா, நீங்க வாய மூடிட்டுப் போங்கன்னேன். வாய மூடுங்கன்னு சொல்லல? சரி, அந்த மாதிரிதான் சொன்னேன்.

அது என்ன சத்தமா? அது... கிரைண்டரு, அறுக்கற மிஷினு. நில்லுங்க தம்பி. நில்லுங்கன்னு சொல்றேன்ல! ஆமா, உங்க கார்தான். உக்காருங்க, உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

பலக ஒட்டிக்கிச்சு.

பம்பரோட. கழட்ட வரல. ஆப்பு வெச்சுப் பாத்தாச்சு, வெந்நி ஊத்தியாச்சு, ரப்பர் சுத்தியால தட்டியாச்சு. ஒரு மூலையில லேசா வந்துச்சு, வந்தா பெயிண்டும் சேந்து உரிஞ்சுகிட்டு வருது. ரெசின் மேல தப்பு சொல்லலாம்னு பாத்தேன். கடக்காரன் பழைய சரக்கக் கட்டிட்டான்னு உங்ககிட்ட சொல்றதுக்குக் கதையெல்லாம் தயாரா வெச்சிருந்தேன். சொல்ல வரமாட்டேங்குது.

மெழுகு தம்பி. ஃபைபர் போடறதுக்கு முன்னாடி மெழுகு பூசணும். பூசித் தொடச்சு, பூசித் தொடச்சு, நாலு கை. அப்பத்தான் ஒட்டாம வரும். ஒரு குப்பத்தொட்டிக்குக்கூட நான் மெழுகு பூசாம விட்டதில்ல. உங்க காருக்குப் பூசல. டப்பா மூடியத் திறக்கவே இல்ல. அன்னிக்குக் காலைல ரெசினக் கலக்கறப்ப, ஆறு வருஷம் கழிச்சு நானா அவனுக்குப் போன் போட்டேன். யாருக்கு? கொழுந்தனுக்குத்தான்! 'டேய், யாரு கார் என் ஷெட்டுல நிக்குது தெரியுமா? ஆறு பேரு வரிசையில நிக்கறாங்க. இனிமே தொட்டிக்கு நீ, காருக்கு நான்'னு... போன தோள்ல இடுக்கிக்கிட்டு, அவனக் கிழிகிழின்னு கிழிச்சுக்கிட்டே மேட்ட எடுத்துப் போட்டு பூசிட்டேன். முக்கா மணி நேரம்! ரெசின் கையில இறுகிட்டு இருக்கு, நிறுத்தவும் முடியாது, பேச்சையும் விட முடியல. அவன் 'சரி அண்ணி, சரி அண்ணி'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.

இன்னிக்குக் காலைல அவனுக்குத்தான் மறுபடி போன் போட்டேன். வேற யாரக் கூப்பிடறது? பம்பருக்கு ஒரு கீறல் விழாம அத அறுத்து எடுக்கற கை இங்க அவன் ஒருத்தனுக்குத்தான் இருக்கு. சொல்லிட்டேன், போதுமா?

அஞ்சு நிமிஷத்துல வந்தான். என்ன கேட்டாலும் பதில் குடுக்கணும்னு இருபது வார்த்த சேத்து வெச்சிருந்தேன். ஒரு நக்கல் இல்ல, ஒரு சிரிப்பு இல்ல. காருக்கு அடியில படுத்துப் பாத்தான். பக்கத்துல தனியாக் கெடந்த துடுப்ப ஒவ்வொண்ணாத் தடவினான். எழுந்து வந்து மெதுவா, 'மெழுகு எத்தன கை பூசினீங்க அண்ணி?'ன்னான். அவ்வளவுதான் கேட்டான். இந்த வாயி தம்பி... காலைலேருந்து உங்களையும் உங்க சினேகிதரையும் ஊரையும் வாங்கு வாங்குன்னு வாங்குதே, இந்த வாயில அப்ப ஒரு வார்த்த வரல. அசிங்கமா இருந்துச்சு. அவன் கிரைண்டர எடுத்துட்டுப் போயிட்டான்.

பம்பர் பொழச்சுக்குமாம். பெயிண்டு போச்சு, அத நான் அடிச்சுத் தர்றேன். பலகைய அவனே புதுசா வாத்து, என் துடுப்ப அதுல வெச்சு, சனிக்கெழமைக்குள்ள மாட்டித் தர்றேன்னான். உங்களுக்குக் காரு கெடச்சுடும், கவலப்படாதீங்க.

போய்ப் பாருங்க, போங்க. நான் வரல, அவன் மூஞ்சியப் பாக்க முடியல. தம்பி... ஞாயித்துக்கெழம உங்க ஆளுங்க யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க இல்ல? பலக கொழுந்தன் செஞ்சது, துடுப்பு அவங்க அண்ணி செஞ்சதுன்னு... ச்சே, வேணாம். யாரு நின்னு அவ்ளோ கேக்கப் போறாங்க. அவன்தான் செஞ்சான்னே சொல்லிடுங்க.