செவுத்துல ஓடுற சைக்கிள்

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் கிளம்பியதும், வெள்ளையடிக்கிற மட்டையை மடியில் வைத்திருந்தவள் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்:

“எங்கூட்டுச் செவுத்துல ஒரு சைக்கிள் ஓடுதுங்க.”

பின் சீட்டில் நான் தூங்குகிற மாதிரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன்.

“செவுத்துலயா, அம்மணி?”

“சைக்கிள்லயே கன்னியாகுமரி போற காலேஜ் பசங்க கொஞ்சப் பேரு, வழியில ஊடில்லாதவங்களுக்கு ஊடு கட்டிக் குடுத்துட்டுப் போறாங்க. எங்களுக்கும் கட்டினாங்க. ஒருத்தன் ஈரப் பூச்சுல சைக்கிளைச் சாத்திப்போட்டான். சக்கரம் அப்படியே பதிஞ்சுபோச்சு.”

“கட்ட வந்தவனா, கெடுக்க வந்தவனா?”

“எங்கூட்டுக்காரருக்குக் காலு ரெண்டும் வெளங்காதுங்க. கட்டில்ல படுத்துட்டு அதையேதான் பாக்கறாரு. ‘இன்னைக்கு அதுல ஏறி ஆழியாறு தாண்டிட்டேன்’ங்கறாரு. நானும் ‘பாத்துப் போங்க’ன்னு சொல்றனுங்க.”

பக்கத்துக்காரி சிரித்தாள். “இப்ப எங்க இருக்காருங்க?”

“வால்பாறைலீங்க. டீத்தூள் வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்கறாரு.”

“அப்ப மட்டை எதுக்கு?”

“பொங்கல் வருதல்லங்க. அதைப் பூசி மறைச்சு வெள்ளையடிக்க மேஸ்திரி நாளைக்கு வாராரு.”

அவள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்தாள்.

“அந்தச் செவுத்தை மட்டும் தொட வேண்டாம்னு சொல்லிருவனுங்க. மலை மேல இருக்கறவரு எதுல எறங்கி வருவாரு?”