வெயிலில் ஏறாத முள்

— விடுடா... அந்த முள்ளு எப்பவும் அப்படித்தான் ஆடும். பழகிப்போச்சு.

— பழகிப்போச்சா! எஞ்சின் சூடு காட்டுற முள்ளுண்ணே. அது பாட்டுக்கு செவப்புக்கு ஓடுது, அது பாட்டுக்கு எறங்குது... ஏறி உக்காரு. சாவியப் போடு.

— தம்பிகிட்ட லாரிய விட்டா இன்னைக்கு நான் வீட்டுக்குப் போன மாதிரிதான்.

— ஊரு வண்டியெல்லாம் சரி பண்றேன். கூடப் பொறந்தவன் வண்டி மட்டும் இப்படி ஓடுனா நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்களா? ஸ்டார்ட் பண்ணு.

— ம்... பண்ணிட்டேன்.

— தண்ணி இருக்கு. ஹோஸ்ல கசிவு இல்ல. சென்சாரு போன வாரம் நானே மாட்டுனது. முள்ளு எங்க நிக்குது?

— பாதிக்குக் கீழ. அசையல.

— ஆக்சிலேட்டர நல்லா மிதி... இப்ப?

— அதே எடம். உன் முன்னாடி நல்ல புள்ளையா நடிக்குதுடா.

— ஓட்டுறவன் புத்திதானே வண்டிக்கும் வரும்.

— வாயப் பாரு...

— இரு இரு. ஹெட்லைட்டப் போடு.

— பட்டப்பகல்லயா?

— போடேன்!

— போட்டாச்சு... டேய்! ஏறுதுடா! செவப்பத் தொட்டுடுச்சு!

— அணை.

— எறங்குது... சும்மா காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா இருக்கும்.

— அப்ப இண்டிகேட்டரப் போட்டுப் பாரு.

— அட! அது மினுக்குற தாளத்துக்கு இதுவும் குதிக்குது!

— அவ்வளவுதாண்ணே. எஞ்சின்ல சூடே இல்ல. டேஷ்போர்டுக்குப் பின்னாடி எர்த் வயரு துருப்பிடிச்சிருக்கு. லைட்டுக்குப் போற கரண்டு திரும்ப வழியில்லாம முள்ளப் போய் தள்ளுது. சுரண்டி முடுக்குனா சரியாயிடும்.

— ராத்திரியில எத்தன தடவ ஓரங்கட்டி நின்னிருக்கேன்... இத்துனூண்டு வயருக்கா!

— ராத்திரியில சரி...

— என்ன சரி?

— லைட்டு போடாம இது ஏறவே ஏறாதுண்ணே.

— அதான் இப்ப பாத்தமே.

— அப்பா தவறுன அன்னைக்கு மத்தியானம் போன் பண்ணுனியே. முள்ளு செவப்புல நிக்குது, மரத்தடியில நிறுத்தியிருக்கேன், ஆறுனதும் வந்துடறேன்னு...

— பண்ணுனேன்.

— லைட் போட்டிருந்தியா?

— உச்சி வெயில்ல எவன்டா லைட்டு... இண்டிகேட்டர் போட்டிருப்பேன்.

— சாயங்காலம் வரைக்குமா?

— போலீஸ்காரன் மாதிரி கேக்காத.

— சரி. கேக்கல. அந்த ஸ்பேனர எடு.

— எங்க?

— உன் காலடியிலதான்.

— ...தம்பி.

— ம்.

— முள்ளு பாதியிலதான்டா நின்னுச்சு. வண்டிக்கு ஒண்ணுமில்ல.

— அப்புறம் ஏண்ணே?

— 'லாரிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்'னு அப்பா ஒரு வார்த்த சொன்னாருன்னு வீட்டுப் படி மிதிக்காம இருந்தவன். அவரு சாகக் கெடக்குறப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முன்னாடி போய் நிக்க? கொஞ்ச நேரம் உக்காந்தா தைரியம் வந்துடும்னு நெனச்சேன். தைரியம் வரல... உன் போன்தான் வந்துச்சு.

— அழாதண்ணே. யாராவது பாக்கப் போறாங்க.

— திட்டுடா என்னைய.

— திட்டி என்ன ஆகப்போகுது?

— நல்லவேள, தூக்கத்துலயே போயிட்டாரு, யாரையும் தேடலன்னு சொன்னியே... அந்த ஒண்ண நெனச்சித்தான் எனக்கு சோறு எறங்குது. ஏன்டா மூஞ்சியத் திருப்பிக்கிற?

— ஒண்ணுமில்ல... அந்த ஸ்பேனர குடு.

— குடுக்க மாட்டேன். சொல்லு. தேடுனாரா?

— கடைசி வரைக்கும் முழிச்சிட்டுத்தாண்ணே இருந்தாரு. வண்டி சூடாயிடுச்சாம்ப்பா, அண்ணன் இப்ப வந்துடும்னேன். "வண்டிக்கு ஒண்ணும் இருக்காதுடா... அவனுக்கு என்னைப் பாக்க பயம். நான்தான் மொதல்ல பேசியிருக்கணும்"னாரு. அவரு சொன்னது தப்பா இருக்கணும்னுதாண்ணே... வாரா வாரம் உன்னக் கூப்புட்டு இந்த முள்ள நோண்டிக்கிட்டு இருந்தேன்.