பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவருக்கு

மட்டாஞ்சேரி மிளகு, சுக்குக் கிடங்கில் முப்பத்தைந்து ஆண்டுகள் தொண்டாற்றி, 28.2.1986 அன்று ஓய்வு பெறும் தலைமை எழுத்தர் திரு. வெங்கிடாசலம் அவர்களுக்கு ஊழியர்கள் வாசித்தளிப்பது. (தேதி சரிதானா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.)

மிளகின் ஈரத்தை விரலால் அறிந்தவரே! வினாவின் வளைவை விழியிலும் காட்டாதவரே! விடை சொன்னவரையும் விடாமல் வாதாட வைத்த வித்தகரே! வணக்கம்.

விலை எழுதும் சிலேட்டின் பின்பக்கம் தங்களுடையது. நாலு மணிச் சாயாவுக்கு அதில் ஒரு கேள்வி இருக்கும். தோற்றவர் எல்லோருடைய கிளாஸையும் கழுவ வேண்டும். டச்சு அரண்மனையைக் கட்டியது யார் என்று கேட்டீர்கள். டச்சுக்காரர் என்றது கிடங்கு முழுவதும். போர்த்துகீசியர் என்றீர்கள். அன்று குழாயடியில் வரிசை நின்றது.

தங்கள் தீர்ப்புகளை நோட்டில் பதிவது பிச்சைமணி. ஊழியர்களின் பணிப்பதிவேடும் அவர் கையில்தான். இனி வருவது அவருடைய குழப்பம்.

1972, பிப்ரவரி 29. சிலேட்டில் இருந்த கேள்வி: இன்று பிறந்தவனுக்கு அடுத்த ஆண்டு எந்தத் தேதியில் வயது ஏறும்?

"இருபத்தெட்டு முடிஞ்சாத்தானே சாமி ஒரு வருஷம் முழுசாகும்? மார்ச் ஒண்ணாக்கும்" என்றார் பிச்சைமணி.

"பிப்ரவரி கடைசியில பொறந்தவன் பிப்ரவரி கடைசியிலதான் ஓய். இருபத்தெட்டு. நோட்டுல எழுதும். அப்புறம் கிளாஸைக் கழுவும்" என்றீர்கள்.

எழுதினார். கழுவினார். மனம் மட்டும் ஒப்பவில்லை.

சென்ற மாதம் தங்கள் ஓய்வு நாளைக் கணக்கிடப் பதிவேட்டைத் திறந்தார். பிறந்த தேதி: 29.2.1928. திகைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேள்வி நாள் தங்கள் பிறந்தநாள். நாங்கள் ஒருவரும் வாழ்த்தவில்லை.

ஐம்பத்தெட்டு நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு என்பது இங்குள்ள விதி. தங்கள் தீர்ப்புப்படி பிப்ரவரி. பிச்சைமணியின் விடைப்படி மார்ச் முப்பத்தொன்று. நடுவே, மார்ச் பதினைந்தில், தோப்பும்படி மீன் கிடங்குக்காரர்களோடு வினாப்போட்டி. பணியில் இருப்பவர்கள்தான் உட்காரலாம். மூன்று வருடமாகத் தோற்கிறோம். இந்த வருடம் தாங்கள் உட்காருவதாக வாக்களித்திருந்தீர்கள்.

பிச்சைமணி மானேஜரிடம் ஓடினார். மானேஜர் தங்களையே கேட்டார். தாங்கள் நோட்டை வாங்கி, பக்கத்தைத் தேடி, விரல் வைத்தீர்கள்.

"ஊருக்கு ஒரு விடை, எனக்கு ஒரு விடையா? இருபத்தெட்டுதான்."

"சாமி, நீங்க கண்டது பதினாலு பிறந்தநாளாக்கும்! பதினாலு வயசுக்காரனை ரிட்டயர் பண்ண எந்த ஊர்ல சட்டம் இருக்கு?"

மானேஜர் சிரித்தார். தாங்களும் சிரித்தீர்கள். விடை மாறவில்லை.

தமக்குச் சாதகமாக வாதாடியவரைத் தாமே தோற்கடித்த ஒருவரைப் பிச்சைமணி அதுவரை பார்த்ததில்லை. வென்றது யார், இழந்தது யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அன்று மாலை சாயா முடிந்ததும் குழாயடிக்குப் போனார். அங்கே தாங்கள் குனிந்து கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். தோற்றவர் வேலை அது. ஏன் என்று அவர் கேட்டார். "போய் வேலையைப் பாரும் ஓய்" என்றீர்கள்.

அதை நோட்டில் எப்படிப் பதிவது என்று தெரியாமல், அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.

பெரியவரே! தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ்ந்து, இரண்டாயிரமாம் ஆண்டில் பதினெட்டாம் பிறந்தநாள் காண வேண்டும். இந்த வரியை எழுதும்போதே தகராறு வந்துவிட்டது. நூற்றாண்டு முடியும் வருடத்தில் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது கிடையாது என்கிறார் தட்டச்சர் லோகாம்பாள். உண்டு என்கிறார் பிச்சைமணி. தீர்ப்புச் சொல்லத் தாங்கள் நாளை நாலு மணிக்கு வந்தாக வேண்டும். அதுவரை யார் கழுவுவதென்று தெரியாமல், கிளாஸ்கள் அப்படியே இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கும்
கிடங்கு ஊழியர்கள்