மகாராணியின் இரண்டு காதுகள்

உங்கள் நாற்காலி என் அலுவலக நாற்காலியைவிட எவ்வளவோ தேவலை அய்யா. அதில் ஒரு கால் ஆடும். கையெழுத்துப் போடும்போதெல்லாம் நானும் சேர்ந்து ஆடியிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கால்நடை ஆய்வாளர். வெள்ளம் வடிந்ததும் அரசு அவசர நிவாரணம் அறிவித்தது. மாடு செத்தால்தான் பணம். பிழைத்த மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோல்கூடக் கிடையாது. செத்த மாட்டை நான் நேரில் பார்த்து, எண் வில்லை மாட்டிய காதை அறுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஒரே மாடு இரண்டு முறை சாகக் கூடாதல்லவா?

எலும்பும் தோலுமான மாடுகளை வைத்துக்கொண்டு தவித்தவர்கள் என் காலைப் பிடித்தார்கள்.

"செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுங்க சார், புண்ணியமாப் போகும்."

உயிரோடு இருப்பதைச் செத்ததாக எழுத எனக்குக் கை வராது. அதனால் முதலில் ஊசி போட்டேன், பிறகு எழுதினேன். அவர்களிடம் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. அழுதுகொண்டேதான் நன்றி சொன்னார்கள்.

என் தங்கை வீட்டுக் கூரையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கைக்குழந்தையோடு தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருந்தாள். மாப்பிள்ளைக்கோ கூரையைவிட மகாராணிதான் பெரிசு. மகாராணி என்பது அவருடைய பசு. வெள்ளத்தில் நீந்திக் கரையேறியதாம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதே புராணம். சொந்தக் குழந்தை தவழ்ந்ததைக்கூட அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் வெளியே போயிருப்பார் என்று நினைத்துத்தான் ஊசியோடு கொட்டகைக்குள் நுழைந்தேன். வைக்கோலுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"மச்சான், அப்போ மத்த மாடெல்லாம் நீங்கதானா?"

"எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான் மாப்பிள்ளை."

"நாளைக்கே பெரிய ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுவேன். சொந்தக்காரர்னு பார்க்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நியாயமாகத்தான் பேசினார். மகாராணி நீந்திக் கரையேறிய இடத்தைக் காட்டுங்கள், நடந்துகொண்டே பேசுவோம் என்றேன். அவ்வளவுதான், கோபத்தை மறந்து, இன்னும் வெள்ளநீர் வடியாத வாய்க்காலை நோக்கி முன்னால் நடந்தார், பாவம்.

ஊசி என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், மாட்டைப் பற்றிச் செத்ததா என்று மட்டும் கேட்கும் அரசு, மனிதரைப் பற்றி எப்படிச் செத்தார் என்றும் கேட்கிறது. வெள்ளநீரில் மூழ்கியவரின் குடும்பத்துக்குத்தான் உதவி. மாட்டுக்குத் தருவதைவிட அதிகம். ஆகவே தண்ணீரில்தான் அமுக்கிப் பிடித்தேன். என் தங்கை பொய் சொல்லிப் பணம் வாங்கக் கூடாது.

இப்போது கூரை போட்டாயிற்று, நல்ல ஓடு. மகாராணியும் இரண்டு காதுகளோடு சௌக்கியமாக இருக்கிறாள். தங்கை தினமும் எனக்குப் பால் கொடுத்தனுப்புவாள்.

அப்புறம், ஐஸ் பெட்டியில் கிடைத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அது வெறும் பழக்க தோஷம் அய்யா. அவர் அடங்கியதும் கை தானாகக் கத்தியை எடுத்துவிட்டது. அறுத்து முடித்து, எண்ணைப் படிக்கத் திருப்பியபோதுதான் மாப்பிள்ளைக்கு வில்லை கிடையாது என்று உறைத்தது.

தூக்கி எறிய மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் சொந்தமாயிற்றே.